பெஞ்சு மேடமும் பதினோரு அறுப்பு மெஷினும்

தஞ்சாவூர் ஜில்லாவில் வெப்சைட் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு வெப்சைட்டை அதன் சொந்தக்காரரிடமிருந்தே காப்பாற்றிய ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். பெஞ்சு மேடம். அவர் கையில் சிக்கிக் கெட்டுப்போன வெப்சைட்டும் கிடையாது, அவர் கையில் சிக்கி அழாமல் தப்பித்த ஆளும் கிடையாது. அழுத கூட்டத்தில் நானும் உண்டு என்பதால் இதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறது.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே முதல் மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் நான்கு பேர். முதலாளி தன்னை எம்.டி. என்று கூப்பிடச் சொல்வார். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். சதீஷ் என்று ஒரு புரோகிராமர் இருந்தான். அவன் காதிலிருந்து ஹெட்போன் கழன்று நான் பார்த்தது அபூர்வம். மூன்றாவது நான், வெப்சைட்டுகளுக்குத் தமிழ் எழுதுகிறவன். நான்காவதாக, வருகிற போனை எடுத்துப் பேச வந்தவர் மேடம். வந்த மூன்றாம் மாதம் நாங்கள் மூன்று பேரும் அவர் சொன்னபடி வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். அது எப்படி நடந்தது என்று எம்.டி.க்கு இன்றுவரை புரியவில்லை.

மேடத்துக்கு நாற்பது வயது இருக்கும். அதற்கு முன் ஒன்பது வருஷம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் விசாரணை கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர். எக்ஸ்ரே எங்கே, பெரிய டாக்டர் வந்துவிட்டாரா, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று ஜனங்கள் விசாரிப்பதை ஒன்பது வருஷம் கேட்டுக் கேட்டு, அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டால் தப்பு கேட்கிறவன் மேல் இல்லை, போர்டு மேல்தான். இதை அவர் ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் பல முறை சொல்லிப் பார்த்தார். கடைசியில் ஒருநாள் லிஃப்டுக்கு எதிரே மாட்டியிருந்த ஸ்தாபகர் படத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, அதே ஆணியில் ‘எக்ஸ்ரே இடது பக்கம்’ என்று அட்டையில் எழுதி மாட்டினார். அன்றைக்கு ஒருவர்கூட எக்ஸ்ரே எங்கே என்று கேட்கவில்லையாம். மறுநாள் அவர் எங்கள் ஆபீசுக்கு வேலை கேட்டு வந்தார்.

நான் அழுத கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பல் டாக்டருக்கு வெப்சைட். முதல் பக்கத்துக்கு நான் பதினான்கு வரி எழுதியிருந்தேன். ‘முத்துப் பற்களும் முகமலர்ச்சியும்’ என்று ஆரம்பித்து, ‘கனிவான சேவையே எங்கள் தாரக மந்திரம்’ என்று முடியும். எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன். மேடம் அதைத் தன் போனில் திறந்தார். வலது கையால் கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, இடது கைக் கட்டைவிரலால் திரையைத் தள்ளித் தள்ளி, நடுநடுவே முனகிக்கொண்டே பதினான்கு வரியையும் படித்து முடித்தார். சதீஷ் ஹெட்போனைக் கழற்றிவிட்டான்.

“தம்பி, எனக்குக் கடவாப்பல்லு வலி உசுரு போவுது. டாக்டர் இப்ப இருக்காரா, இல்லியா?”

அந்தத் தகவல் பதினான்கு வரியில் எங்கேயும் இல்லை. பதினான்கும் போயின. அந்த இடத்தில் ‘டாக்டர் இப்போது இருக்கிறார்’ என்று ஒரே வரி வந்தது. அவர் கிளம்பிவிட்டால் ‘நாளை காலை பத்து மணிக்கு வருவார்’ என்று அது மாறும்படி சதீஷ் செய்து கொடுத்தான். நான் அன்று மதியம் சாப்பிடவில்லை.

இதுதான் மேடத்தின் வழி. யாருக்காக வெப்சைட்டோ அவராகவே மாறிவிடுவார். வேன் வாடகைக்கு விடுகிறவரின் வெப்சைட் என்றால் இரண்டு தோளிலும் பையை மாட்டிக்கொண்டு, கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டு, மிச்சம் இருக்கிற இரண்டு விரலால் தட்டிப் பார்ப்பார். வயதானவர்களுக்கு என்றால் கீழே செருப்புக் கடைக்காரரின் கண்ணாடியைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு, எழுத்து மங்கலாகத் தெரிகிற நிலையில் படிப்பார். அவருக்குக் கண் நன்றாகவே தெரியும். அந்தக் கண்ணாடியோடு ஒருநாள் படிக்கட்டில் இறங்கி, இரண்டு படியை விட்டு மூன்றாவது படியில் கால் வைத்து, ஒரு வாரம் நொண்டினார். நொண்டுகிறவர்களுக்கு எந்த வெப்சைட் தேவைப்படும் என்று அந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தார்.

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு மண்டபம், ரூம், சாப்பாடு எல்லாம் ஏற்பாடு செய்து தருகிற ஒரு காண்ட்ராக்டர் வந்தார். எம்.டி. மனசைக் கொட்டி ஒரு வெப்சைட் செய்தார். திறந்ததும் மேலிருந்து மல்லிகைப்பூ கொட்டும், தானாகவே நாதஸ்வரம் வாசிக்கும். மேடம் அதைப் பார்த்துவிட்டு நேராகத் திருக்கடையூருக்கு பஸ் ஏறினார். காண்ட்ராக்டரின் ஆபீசில் இரண்டு நாள் உட்கார்ந்து, போன் செய்கிற பிள்ளைகளும் மருமகள்களும் என்ன கேட்கிறார்கள் என்று நோட்டில் எழுதினார். திரும்பி வந்து பூவை நிறுத்தினார், நாதஸ்வரத்தை நிறுத்தினார். அப்பா அம்மாவுக்குக் கல்யாணம் பண்ணிவைக்கிற பிள்ளை சென்னையில் ஆபீஸ் நேரத்தில் மேனேஜருக்குத் தெரியாமல்தான் இதைத் திறப்பான், அப்போது நாதஸ்வரம் ஊதினால் அவன் கதி என்ன என்று கேட்டார். பிறகு சாமி படத்துக்கு நேர் கீழே, பெரிய எழுத்தில், ‘கீழ்த்தளத்தில் ரூம் உண்டு, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டு’ என்று போட்டார்.

காண்ட்ராக்டர் போனில் கொதித்தார். சாமி காரியத்துக்கு நடுவில் கக்கூசைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்களே என்றார். அறுபது வயதில் முட்டி வலியோடு வருகிறவர்களுக்கு இரண்டும்தான் வேண்டியிருக்கிறது, இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள் என்று மேடம் நிதானமாகச் சொன்னார். பத்து நாள் கழித்து அதே காண்ட்ராக்டர் கூப்பிட்டு, அந்த எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட முடியுமா என்று கேட்டார்.

பெஞ்சு என்ற பட்டம் வந்தது பஸ் ஸ்டாண்டில். முதல் மாடியில் உட்கார்ந்து யோசித்தால் முதல் மாடிக்காரனுக்குத்தான் வெப்சைட் வரும் என்பது அவர் கட்சி. ஆகவே எந்த வெப்சைட் முடிகிற நிலைக்கு வந்தாலும் அதைப் போனில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, திருவையாறு பஸ் நிற்கிற இடத்தில் சிமெண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் உட்கார்கிறவரிடம் போனை நீட்டி, இதில் இன்ன விஷயம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கொடுங்கள் என்பார். கொடுத்துவிட்டு வாயைத் திறக்கவே மாட்டார். அந்த ஆள் எங்கே தட்டுகிறார், எங்கே முழிக்கிறார், எப்போது பெருமூச்சு விடுகிறார் என்பதை மட்டும் நோட்டில் எழுதுவார்.

நம் ஊரில் ஒரு பெண்மணி, முன்பின் தெரியாதவர் கையில் போனைக் கொடுத்துவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நோட்டில் எழுதினால் என்ன ஆகும்? பாதிப் பேர் சீட்டுக் கம்பெனி என்று நினைத்தார்கள். மீதிப் பேர் போனுக்கு வருகிற ரகசிய நம்பரைத் திருடுகிற கூட்டம் என்று நினைத்தார்கள். யாரோ போய்ச் சொல்லி ஒரு போலீஸ்காரர் வந்தார். என்னம்மா பண்றே என்று அதட்டினார். மேடம் எழுந்து நின்று வணக்கம் சொல்லி, அவர் கையிலும் போனைக் கொடுத்துவிட்டார். இந்தப் பல் டாக்டர் ஞாயிற்றுக்கிழமை பார்ப்பாரா என்று கண்டுபிடித்துத் தரும்படி கேட்டுக்கொண்டார். போலீஸ்காரர் தட்டினார். தள்ளினார். தொப்பியைக் கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அதற்குள் இரண்டு திருவையாறு பஸ் போய்விட்டது. கடைசியில், யாரும்மா இதைச் செஞ்சது, அவனை முதல்ல கூட்டிட்டு வா என்றார். அவன் என்பது நானும் எம்.டி.யும். மேடம் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையைப் பெரிய எழுத்தில் மேலே கொண்டுவந்தார்.

சிரித்தது போதும். இனி ஹாஜியார் விஷயத்துக்கு வருகிறேன். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும், என் மீதும் சேர்த்து.

குத்தாலத்தில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஹாஜியார், இருபது வருஷத்துக்கு மேல் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர். வந்ததும் அறுப்பு மெஷின்கள் வாங்கினார். அப்போது பதினோரு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. தை பிறந்தால் சம்பா அறுப்பு. சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே நேரத்தில் கதிர் முற்றும், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மெஷின் வேண்டும், ஹாஜியாரின் போன் தொழுகை நேரத்தில்கூட அடங்காது. போனை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் வெப்சைட்டில் வைத்துவிடலாம் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது, நேராக எங்கள் எம்.டி.யிடம் வந்தார்.

எம்.டி. பிரமாதமாகச் செய்தார். திறந்தால் வானத்திலிருந்து எடுத்த வீடியோ ஓடும், பதினோரு மெஷினும் வரிசையாக வரும். அதற்குக் கீழே போன் நம்பர் கேட்கும், ஈமெயில் கேட்கும், பாஸ்வேர்டு கேட்கும். எத்தனை ஏக்கர் என்று கேட்கும். முதலில் பதிகிறவருக்கு முதல் நேரம். வெள்ளிக்கிழமை குத்தாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் திறப்பு விழா என்று நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின வாரமே சோதனையாகப் பதிவை ஆரம்பித்துவிட்டார்கள். இனிமேல் போனில் மெஷின் கிடையாது, வெப்சைட்டில் பதிந்தால்தான் என்று ஹாஜியாரும் எல்லோருக்கும் சொல்லியனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் மேடம் என்னையும் இழுத்துக்கொண்டு குத்தாலம் பக்கம் ஒரு வயலுக்குப் போனார். நான் ஷூ போட்டுக்கொண்டு போனேன். வரப்பில் பத்தடி வைப்பதற்குள் ஒரு ஷூ சேற்றில் நின்றுவிட்டது, நான் மட்டும் அடுத்த அடி வைத்துவிட்டேன். அதை எடுத்துக் கொடுத்து உதவியவர் ராஜகுமாரி. ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா போட்டிருந்தார். கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. கடலில் ஒரு தாழ்வு நிலை, அடுத்த திங்கட்கிழமை மழை இருக்கும் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அறுத்தால் நெல், இல்லாவிட்டால் அந்த வருஷம் அவருக்கு ஒன்றும் இல்லை. அதை அவர் அழுது சொல்லவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னார்.

மேடம் போனைக் கொடுத்தார். ஈமெயில் என்ற இடத்தில் ராஜகுமாரி நின்றார். மேடம் தன்னுடையதைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி வேண்டும் என்று அது அவரை நான்கு முறை திருப்பி அனுப்பியது. எத்தனை ஏக்கர் என்று கேட்டதும் தயங்காமல் ஆறு என்று தட்டினார். ஆறு ஏக்கரா என்று மேடம் கேட்டார்.

“ஆறு மா மேடம். ஏக்கர் கணக்கு எங்களுக்கு எதுக்கு?”

மூன்று மா சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். இரண்டு ஏக்கர் அறுக்க வேண்டிய இடத்தில் ஆறு ஏக்கருக்கான நேரத்தை வெப்சைட் ஒதுக்கிக்கொண்டது. அந்த வாரம் பதிந்தவர்களில் எத்தனை பேர் மாவை ஏக்கராகத் தட்டியிருப்பார்களோ, யார் கண்டது. அதைத் திருத்திப் போட்டார்கள். இரண்டு ஏக்கருக்கு மட்டும் நடுவில் இடைவெளி இருந்தது போலிருக்கிறது, வியாழக்கிழமை காலை ஏழு மணி என்று திரையில் வந்தது. நேரம் கிடைத்துவிட்டது, வேலை முடிந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். ராஜகுமாரி சந்தோஷப்படவில்லை. தன் வயலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் நிற்கிற மூன்று வயலைக் கையால் காட்டினார்.

“இந்த மூணும் அறுத்தாத்தான் வண்டி எனக்கு வரும். அதுல ரெண்டு பேருக்கு அடுத்த வாரம்னு வந்திருக்காம், ரோட்டோர வயக்காரரு இன்னும் பதியவே இல்ல. எனக்கு வியாழக்கிழமைன்னா, வண்டி எது மேல ஏறி வரும்?”

எங்கள் பக்கத்து வயல்களுக்குத் தனித்தனி பாதை கிடையாது. முன் வயலை அறுத்து, அறுத்து மிஞ்சிய தாள் மேல் ஓட்டித்தான் பின் வயலுக்கு மெஷின் போக வேண்டும். இது இங்கே வயலில் கால் வைத்த எல்லோருக்கும் தெரியும். சோழ நாட்டுச் சோறு தின்று வளர்ந்த எனக்கும் எம்.டி.க்கும் சதீஷுக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்களை நாங்கள் கேட்கவும் இல்லை. மேடம் நோட்டில் ஒரு வரி எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டார்.

திரும்பி வந்ததும் மேடம் எம்.டி.க்கு எதிரே போய் நின்றார். இதை மாற்றாமல் திறக்கக் கூடாது என்றார். எம்.டி. அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது என்றார். டிரைவர் எப்படியாவது சமாளித்துக்கொள்வார் என்றார். கடைசியில் எங்கள் தொழிலில் எல்லோரும் ஒளிந்துகொள்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தார், இதையெல்லாம் இரண்டாவது கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று.

“ரெண்டாவது கட்டத்துல மழையில நெல்லு முளைச்சிருக்கும் சார்.”

நம்முடைய வாடிக்கையாளர் ஹாஜியார், ராஜகுமாரி இல்லை என்று எம்.டி. நினைவூட்டினார். ஹாஜியார் இதை ஒருநாளும் திறக்கப்போவதில்லை, திறக்கப்போகிறவர்கள் வயலில் நிற்கிறார்கள் என்றார் மேடம். எம்.டி. போனை எடுத்து, யாரும் கூப்பிடாத போனில் யாரிடமோ பேச ஆரம்பித்தார். நான் என் மேஜையில் குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தேன். என்ன தட்டினேன் என்று எனக்கே தெரியாது.

வியாழக்கிழமை காலை ராஜகுமாரி சொன்னது அப்படியே நடந்தது. மெஷின் ரோட்டில் வந்து நின்றது. டிரைவர், அறுக்காமல் நிற்கிற மூன்று வயலையும் பார்த்தார். வண்டியைத் திருப்பினார். திருப்புவதற்கு முன் போனில் வேலை விவரம் போட வேண்டும். அதில் இரண்டே பொத்தான்கள்தான் இருந்தன. ஒன்று ‘அறுவடை முடிந்தது’. இன்னொன்று ‘விவசாயி வரவில்லை’. அந்த மனுஷன் என்ன செய்வார்? இருப்பதில் பொய் குறைவானதைத் தட்டினார். வராத விவசாயி பத்து நாளுக்கு மறுபடி பதிய முடியாது என்று எம்.டி. ஒரு விதி வைத்திருந்தார். இரண்டு பொத்தான்களுக்கும் தமிழ் எழுதிக் கொடுத்தவன் நான்.

எட்டு மணிக்கு மேடத்தின் போன் அடித்தது. அவர் அதை மேஜையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி போட்டார்.

“நான் வரலன்னு எழுதியிருக்காம் மேடம். நான் இங்கதான் நிக்கிறேன்.”

எம்.டி. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, திறப்பு விழா. மண்டபம் நிறைய விவசாயிகள், பின்பக்கம் பிரியாணி வாசனை. மேடையில் பெரிய திரை. ஹாஜியார் வெள்ளை வேட்டியில் வந்து, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, தட்ட வேண்டிய இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். மேடத்துக்குக் கொடுத்திருந்த வேலை வாசலில் பன்னீர் தெளிப்பது. அவர் பன்னீர்ச் செம்பை என் கையில் கொடுத்துவிட்டு நடுவழியாக நடந்து மேடை ஏறினார். எம்.டி. கையைக் காட்டிக் காட்டி இறங்கச் சொன்னார். மேடம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“ஹாஜியார், திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. மூணாவது வரிசையில ஒரு அக்கா உக்காந்திருக்காங்க. அவங்களுக்கு நீங்களே ஒரு மெஷின் பதிஞ்சு குடுங்க.”

ஹாஜியார் சிரித்துக்கொண்டே சரி என்றார். ராஜகுமாரி எழுந்து நின்று போன் நம்பரைச் சொல்ல, ஒவ்வொரு எண்ணாகத் தட்டினார். மண்டபமே பார்க்கிற அந்தத் திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது: ‘இந்த எண் பத்து நாட்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. காரணம்: விவசாயி வரவில்லை.’ நீங்கள் ஏன் வரவில்லை என்று ஹாஜியார் உண்மையாகவே அக்கறையோடு கேட்டார்.

“விடியக்காலம் அஞ்சு மணிலேர்ந்து வரப்புலதான் நின்னேன் ஹாஜியார். உங்க வண்டி வந்துச்சு, பாத்துச்சு, போயிடுச்சு.”

கூட்டத்தில் இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள். எனக்கும் அப்படித்தான் என்று ஒருவர் ஆரம்பிக்க, ஆளுக்கு ஆள் பேசினார்கள். எம்.டி. திரைக்குப் போகிற ஒயரைப் பிடுங்கினார். பதற்றத்தில் பிடுங்கியது மைக் ஒயர். திரை அப்படியே சிவப்பாக நின்றது. இந்த அம்மாவை யார் நிறுத்தி வைத்தது என்று ஹாஜியார் மேடத்தைக் கேட்டார்.

“நீங்கதான் ஹாஜியார். உங்க பேர்லதான் நிறுத்தியிருக்கு.”

நான் பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்றேன். மேடத்தின் வேலை போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருக்கும். ஹாஜியார் திரையிலிருந்து மேடம் பக்கம் திரும்பினார்.

“வெளிநாட்டுல நிறைய கவுண்டர் வாசல்ல நின்னிருக்கேம்மா. நிக்கிற மனுசனைப் பாத்துட்டே நீ வரலன்னு சொல்லுவான். அப்படி ஒரு கவுண்டர் என் பேர்ல வேண்டாம்.”

பிறகு மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கும்படி, திறப்பு விழா இன்றைக்குக் கிடையாது, பிரியாணி ஆறுவதற்குள் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார். திறக்காத வெப்சைட்டுக்கு இவ்வளவு திருப்தியாக விருந்து சாப்பிட்ட கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

சாப்பாடு முடிந்ததும் மேடம் சதீஷையும் என்னையும் ஹாஜியாரின் இரும்புக் கடைக்குக் கூட்டிப்போனார். சிமெண்டு மூட்டை மேல் லேப்டாப். எதிரே விவசாயிகள். மேடம் ஒவ்வொருவரிடமும் கேட்பார், சதீஷ் மாற்றுவான், உடனே அவர்கள் கையிலேயே கொடுத்துப் பார்ப்பார். வீடியோ போயிற்று, ஈமெயில் போயிற்று, பாஸ்வேர்டு போயிற்று, நிறுத்தி வைத்திருந்த நம்பர்களையெல்லாம் சதீஷ் விடுவித்தான். மிஞ்சியது நான்கு கேள்வி. உங்கள் போன் நம்பர் என்ன. எத்தனை மா. எந்த வாய்க்கால். உங்களுக்கு முன்னால் இருக்கும் வயல் யாருடையது. நான்காவது கேள்விக்கு வந்த பதில்களை வைத்து, ஒரே வாய்க்காலில் ரோட்டோர வயலிலிருந்து கடைசி வயல் வரை ஒரே வரிசையாக வண்டி போகும்படி சதீஷ் செய்தான். டிரைவருக்கு மூன்றாவதாக ஒரு பொத்தான் வந்தது: ‘வண்டி போக வழியில்லை’. அதைத் தட்டினால் யாரையும் நிறுத்தி வைக்காது. முன் வயல்காரருக்குத் தகவல் போகும்.

சனிக்கிழமை மதியம் அது வேலை செய்ய ஆரம்பித்தது. ராஜகுமாரிக்கு முன்னால் இருந்த மூன்று வயலில் இரண்டின் சொந்தக்காரர்கள் ஊரில் இருந்தார்கள், சரி என்று தட்டிவிட்டார்கள். ரோட்டோர வயல்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர். ‘உங்கள் வயலுக்குப் பின்னால் மூன்று பேர் காத்திருக்கிறார்கள், நாளை அறுக்கலாமா’ என்று அவருக்குத் தகவல் போனது. பழைய வெப்சைட்டில் வெளிநாட்டு நம்பரே ஏற்காது. அவர் அங்கே ரயிலில் போய்க்கொண்டே சரி என்று தட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே மெஷின் நான்கு வயலையும் ஒரே மூச்சில் அறுத்தது. ராஜகுமாரியின் நெல் தார்ப்பாய்க்கு அடியில் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை மதியம் மழை பிடித்தது. ஆபீஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே சதீஷ் ஹெட்போன் இல்லாமல் பாட்டுப் பாடினான். ரொம்பக் கேவலமான குரல், யாரும் தடுக்கவில்லை.

ஹாஜியார் சந்தோஷமாகத்தான் இருந்தார். எம்.டி.தான் ஆறவில்லை. மேடையில் தன்னைச் சிறுமைப்படுத்தியதற்கு மேடம் மன்னிப்புக் கடிதம் தர வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட்டுப் போக வேண்டும் என்றார். கடிதத்தை என்னை எழுதச் சொன்னார். நான் எழுதினேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுதி, படித்துப் பார்த்து, ஒரு கமாவைக்கூடச் சரிசெய்து, மேடத்தின் மேஜையில் வைத்தேன். அவர் முழுக்கப் படித்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க தம்பி. நான் தப்பு பண்ணியிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பேன்.”

கடிதத்தை இரண்டாக மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். அன்றைக்கே அவருக்குக் கடைசி நாள். மேஜையைக் காலி செய்வதை விட்டுவிட்டு, சதீஷ் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வியாழக்கிழமைப் பதிவில் ராஜகுமாரி பெயருக்கு நேரே இன்னும் ‘விவசாயி வரவில்லை’ என்றே இருக்கிறது, அதை மாற்று என்றார். பழைய பதிவு, இனி யாரும் பார்க்கப்போவதில்லை, அதைத் தொட்டால் வேறு எங்காவது கோளாறு வரும் என்று சதீஷ் சொன்னான்.

“அவங்க பாப்பாங்க சதீஷ். அவங்க வந்து நின்னாங்க. அதை எழுது.”

சாயங்காலம் ஐந்தரை வரை ஆனது. ‘விவசாயி வந்திருந்தார்’ என்று மாறியதும் மேடம் ராஜகுமாரியைக் கூப்பிட்டு, திறந்து பார்க்கச் சொன்னார். பிறகு, ஆமாம் மேடம், வந்திருந்தேன்னு போட்டிருக்கு என்று குரல் வந்தது. மேடம் போனை வைத்தார். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, எம்.டி. ரூமுக்குள் எட்டிப் பார்த்து, வரேன் சார் என்று சொல்லிவிட்டு இறங்கினார். நான் அவர் கூடவே படிக்கட்டின் கடைசிப் படி வரை போனேன். இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கலாம் என்று இன்றுவரை தோன்றுகிறது.